இரண்டு சிவப்பு ஒயருக்கு நடுவே

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் என் கடை. பத்துக்குப் பத்து. சாயங்கால வேளையில் உள்ளே வருகிறவர்கள் பல நாள் பார்ப்பது இதைத்தான்: மேஜை மேல் ஈக்வலைசர், பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர், பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் விளக்குகள். நான் ஒரு ஸ்பீக்கரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கரில் சத்தமே இருக்காது. "ஸ்பீக்கர் போயிடுச்சாண்ணே?" என்று கேட்பார்கள். போகவில்லை. சத்தம் வராமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் சின்னது. ஈக்வலைசரின் இடது, வலது இரண்டு இன்புட்டுக்கும் ஒரே மோனோ சிக்னலைக் கொடுக்க வேண்டும். வெளியே வருவதை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் விட்டு, ஸ்பீக்கரின் ஒரு ஒயரை இடது சேனலின் சிவப்பு முனையிலும், இன்னொன்றை வலது சேனலின் சிவப்பு முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்பு முனைகள் சும்மா கிடக்கட்டும். இரண்டு சேனலும் அச்சாக ஒன்றாக இருந்தால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறி இறங்கும். கோன் அசையாது. எது ஒத்துப்போகவில்லையோ அது மட்டும் காதில் விழும். அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் என்பவர் இதே மாதிரி இணைப்பைப் பிரபலப்படுத்தினார். ஸ்டீரியோ பதிவில் ஒளிந்திருக்கும் அரங்கத்தின் எதிரொலியைப் பின்பக்க ஸ்பீக்கரில் கேட்பதற்காக. நான் அதைத் தப்புப் பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு வந்து சேர எனக்கு ஒரு வாடிக்கையாளரிடம் அசிங்கப்பட வேண்டியிருந்தது.

1985-ல் ஐடிஐ-யில் ரேடியோ-டிவி மெக்கானிக் முடித்துவிட்டு, ஓ.டி.யிலேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் லேத், பிரஸ், வெல்டிங் என்று அங்கே ஏதாவது ஒரு ஷிஃப்டில் இருப்பார்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பலர் கேட்பது அசெம்பிள் செட். கம்பெனி செட் விலையில் பாதிக்கு, இரண்டு மடங்கு சத்தம். 1978-ல் 'ப்ரியா' பாட்டெல்லாம் ஸ்டீரியோவில் வந்து, இடது பாக்ஸில் கிடாரும் வலது பாக்ஸில் வயலினும் கேட்ட பிறகு, ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவனுக்கு மரியாதை குறைந்துவிட்டிருந்தது. அதற்கு அடுத்த கட்டம் ஈக்வலைசர். முன்பலகையில் வரிசையாக ஸ்லைடர், மேலே சிவப்பும் பச்சையுமாக விளக்கு. அந்த விளக்குக்காகவே வாங்கியவர்கள் உண்டு, குறை சொல்ல மாட்டேன். டூரிஸ்ட் வேன்காரர்கள் பூந்தமல்லியிலிருந்து வந்து, விளக்கு எத்தனை வரிசை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அப்போதெல்லாம் டெஸ்டிங் என்று தனியாக ஒன்று கிடையாது. வாத்தியார் (கடை முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கேசட்டைப் போடுவார். எல்லா ஸ்லைடரையும் மேலே தள்ளுவார், கீழே இழுப்பார். "பேஸ் வருதா? ட்ரெபிள் வருதா? மூடு" என்பார். கேபினெட்டை மூடி ஸ்க்ரூ போட்டுவிடுவோம்.

பெரும்பாலும் போட்டது சான்யோ எல்ஏ 3600 ஐசி. ஒரு ஐசியில் ஐந்து பேண்டு, ஆனால் ஒரு சேனலுக்கு மட்டும். ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். சுற்றிலும் கெபாசிட்டர்களைக் குத்தி, 100 கிலோ ஓம் ஸ்லைடர் வைத்தால் முடிந்தது. எனக்கு அது போதவில்லை. இருபத்து மூன்று வயது. பத்திரிகையில் வந்த சர்க்யூட்டைப் பார்த்து, 4558 ஐசியை வைத்துப் பத்து பேண்டு ஈக்வலைசர் செய்யக் கிளம்பினேன். 31 ஹெர்ட்ஸிலிருந்து 16 கிலோ ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. காயில் கிடையாது. ஆப்-ஆம்பை வைத்துக் காயில் மாதிரி நடிக்க வைக்கும் சர்க்யூட். ஒரு பேண்டுக்கு ஒரு சேனலில் இரண்டு கெபாசிட்டர். பத்து பேண்டு, இரண்டு சேனல், ஆக 40. ஒரு 4558-க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். முன்னும் பின்னும் வேண்டியதைச் சேர்த்து மொத்தம் 12 ஐசி. பிசிபியை நானே பெயின்ட்டில் வரைந்து, ஃபெரிக் குளோரைடில் போட்டு எடுத்தேன். இன்றும் என் பழைய சட்டை ஒன்றில் அந்த மஞ்சள் கறை இருக்கிறது.

அதை வாங்கியவர் ஆவடியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலையே விளக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, அறுபது நிமிஷ கேசட்டோடு கொடுத்தால், ரெக்கார்டிலிருந்து எடுத்துப் பதிந்து கொடுப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு 'சவுண்டு' உண்டு. அந்தச் சவுண்டுக்காக வில்லிவாக்கத்திலிருந்து ஆவடிக்கு ரயில் ஏறி வருவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் என் ஈக்வலைசரை வாங்கிக்கொண்டது எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பத்தே நாளில் திரும்பி வந்தார். செட்டை மேஜையில் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "தம்பி, எஸ்.பி.பி. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறாரு. மேல போனா லெஃப்ட்ல போறாரு. கீழ வந்தா ரைட்டுக்கு வர்றாரு. நடந்துக்கிட்டே பாடுறாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் டெக்கில் ஹெட் அலைன்மென்ட் போயிருக்கும் சார் என்றேன். அவருக்கு முன்னாலேயே எல்லா ஸ்லைடரையும் நடுவில் வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினேன். குரல் நடுவில்தான் நின்றது. அவரும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மறுபடி வந்தார். இந்த முறை டெக்கையும் கையோடு கொண்டு வந்திருந்தார். ஈக்வலைசர் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபையரில் போட்டார்: எஸ்.பி.பி. நடுவில். ஈக்வலைசரைச் சேர்த்து, 1 கே (1,000 ஹெர்ட்ஸ்) ஸ்லைடரை மேலே தள்ளினார், ஏனென்றால் குரல் எடுப்பாக வர அதைத்தான் அவர் வழக்கமாகத் தள்ளுவார். குரல் நடக்க ஆரம்பித்தது. கடையில் இருந்த எல்லோரும் கேட்டோம். வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். "பணம் எதுக்கு? சரி பண்ணிக் குடு" என்று வைத்துவிட்டுப் போனார்.

எல்லா ஸ்லைடரும் நடுவில் இருக்கும்போது ஈக்வலைசர் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். அந்த நிலையில் இரண்டு சேனலும் ஒன்றாக இருப்பதைக் காட்டி, செட் நல்ல செட் என்று சொல்வது, நிற்கும் பஸ்ஸில் பிரேக் பார்ப்பது மாதிரி. நான் செய்தது அதுதான்.

அளந்து பார்க்கலாம் என்று ஊசி மீட்டரை எடுத்தேன். அது அடுத்த முட்டாள்தனம். மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் கரண்டைப் பார்க்கச் செய்தது. அதை 8 கிலோ ஹெர்ட்ஸில் வைத்தால் என்னவோ ஒன்றைக் காட்டும். இன்று தெருவெல்லாம் விற்கும் மஞ்சள் டிஜிட்டல் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச்தான். ஈக்வலைசரில் ஓடுவதோ மில்லி வோல்ட். ஆகவே ஆப்-ஆம்ப், இரண்டு டயோடு, ஒரு மைக்ரோ ஆம்ப் மீட்டர் இவற்றை வைத்து மில்லி வோல்ட் மீட்டர் ஒன்று செய்தேன். சிக்னலுக்கு ஒரு ஆசிலேட்டர். அதில் சத்தத்தின் அளவை நிலையாக வைக்க ஒரு சின்ன பல்பு இருக்கும். எரிந்து வெளிச்சம் தருவதற்கில்லை. சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதுதான் வேண்டியது. 1930-களின் கடைசியில் ஹியூலெட் என்ற மாணவர் கண்டுபிடித்த யுக்தி. அவருடைய கம்பெனி பிறந்ததே அந்த பல்பில்தான்.

கையால் செய்த கருவி என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். அதற்குத்தான் இரண்டு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு சேனலுக்கும் ஒரே ஆசிலேட்டரிலிருந்து ஒரே நேரத்தில் சிக்னல் கொடுப்பது. ஆசிலேட்டர் ஆடினால் இரண்டுக்கும் சேர்ந்துதான் ஆடும். இன்னொன்று, இரண்டு மீட்டர் வைக்காமல் ஒரே மீட்டரை ஒரு ஸ்விட்சில் இடது-வலது என்று மாற்றிப் பார்ப்பது. மீட்டர் பொய் சொன்னாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். விரலால் ஸ்விட்சைத் தட்டும்போது ஊசி அசையக் கூடாது, அவ்வளவுதான்.

1 கே ஸ்லைடர் இரண்டையும் முழுக்க மேலே தள்ளிவிட்டு, ஆசிலேட்டரை மெல்லத் திருப்பினேன். 1,000 ஹெர்ட்ஸில் ஊசி கொஞ்சம் அசைந்தது. வலது பக்கம் ஒன்றரை டெசிபல் போலக் குறைச்சல். 700-க்கு இறங்கினேன். இப்போது வலதுதான் தூக்கல், இரண்டரை டெசிபல். 1,450-க்கு ஏறினேன். இடது இரண்டு டெசிபல் தூக்கல். இடது சேனலின் உச்சி 1,000-ல் நின்றது; வலது சேனலின் உச்சி 850-ல். இரண்டு மலை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து நின்றன. ஒரு டெசிபல் என்றால் வோல்டேஜில் ஏறக்குறைய 12 சதவீதம். அந்த அளவு வித்தியாசத்துக்கே குரல் நடுவைவிட்டு நகர்ந்துவிடும். அந்த மனிதர் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் சரி: மேலே போனால் லெஃப்ட், கீழே வந்தால் ரைட்.

காரணம் கேவலமானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 20 கெபாசிட்டர் வாங்கியதும் சரக்குத் தீர்ந்துவிட்டது. மீதி 20-ஐ எதிர்க் கடையில் வாங்கினேன். முதலில் வாங்கியதை இடது போர்டிலும், பிறகு வாங்கியதை வலது போர்டிலும் குத்தியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது பக்கத்துக் கெபாசிட்டர்களின் வயிற்றில் மதிப்புக்குப் பக்கத்தில் 'ஜே' என்று எழுதியிருந்தது, அதாவது 5 சதவீதம் வரை பிசகலாம். வலது பக்கத்தில் 'எம்', அது 20 சதவீதம். எம் போட்டவை எல்லாம் சொல்லிவைத்தாற்போல 18 சதவீதம் அதிகம். ஒரு பேண்டின் இரண்டு கெபாசிட்டரும் அப்படி ஏறினால் ஃப்ரீக்வென்சி அந்த விகிதத்தில் இறங்கிவிடும். 1,000 போய் 850.

இதில் நான் கற்றதை இன்றும் கடைக்கு வரும் பையன்களிடம் சொல்கிறேன். அவர்களுக்குப் புரிய நாளாகிறது. கெபாசிட்டர் சரியான மதிப்பில் இருக்க வேண்டும் என்றில்லை. இடதில் இருப்பதும் வலதில் இருப்பதும் ஒரே மதிப்பில் இருக்க வேண்டும். இரண்டும் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் 1 கே ஸ்லைடர் 900-ல் வேலை செய்யும். உலகத்தில் எந்தக் காதுக்கும் அது தெரியாது. ஒன்று கனகச்சிதமாகவும் மற்றது 10 சதவீதம் பிசகியும் இருந்தால் எஸ்.பி.பி. எழுந்து நடப்பார். விலை கூடிய ஒரு சதவீதச் சரக்கைத் தேடி அலைவதைவிட, மலிவான சரக்கில் நூறு வாங்கி ஜோடி சேர்ப்பது மேல்.

அதைத்தான் செய்தேன். ஒரு நாள் அம்பத்தூரில் லோக்கல் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு பக்கம் நடந்து ரிச்சி ஸ்ட்ரீட். ஒவ்வொரு மதிப்பிலும் பை பையாக வாங்கி வந்து, கடன் வாங்கிய கெபாசிட்டன்ஸ் மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்தேன். பிரித்து வைக்க வீட்டில் ஏற்ற பாத்திரம் இட்லித் தட்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு மதிப்பு. நாலு தட்டு நிறைந்தது. அம்மா மறுநாள் காலையில் மாவைக் கரைத்துவிட்டுத் தட்டைத் தேடியபோது வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம். அன்றைக்கு எல்லோருக்கும் தோசை.

31 ஹெர்ட்ஸ், 62 ஹெர்ட்ஸுக்குப் போடும் எலக்ட்ரோலிட்டிக் இன்னும் மோசம். வாங்கும்போது ஜோடியாக இருப்பவை இரண்டு வருஷத்தில் ஆளுக்கொரு பக்கம் போகும். நல்லவேளையாக அந்த ஆழத்தில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்கே சரியாகத் தெரியாது. அங்கே நான் ரொம்பக் கறாராக இருப்பதில்லை. 500-லிருந்து 4,000 வரை, மனிதக் குரல் வாழும் இடத்தில், அரை டெசிபலுக்கு மேல் விட மாட்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. பிசகு சின்னதாக, 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஸ்லைடருக்குக் கீழே அச்சடித்திருக்கும் ஃப்ரீக்வென்சியில் அளந்தால் அது அகப்படாது. மலையின் உச்சி தட்டையாக இருக்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் உயரம் மாறாது. 1,000-ல் கால் டெசிபல்கூட வித்தியாசம் காட்டாத செட், 1,450-ல் முக்கால் டெசிபல் காட்டும். சரிவில்தான் அளக்க வேண்டும். இரண்டு ஸ்லைடருக்கு நடுவில் வரும் ஃப்ரீக்வென்சிகளில்.

இது போதாது என்று பாட் (பொட்டென்ஷியோமீட்டர், ரெசிஸ்டன்ஸை மாற்றும் பாகம்) இருக்கிறது. ஸ்லைடரும் பாட்தான், வால்யூமும் பாட்தான். இரண்டு சேனலுக்கும் ஒரே குமிழ் என்றால் உள்ளே இரண்டு கரித் தடம். இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும், ஓடாது. வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து ஏழு மணி நிலையிலிருந்து எட்டு மணி நிலைக்குத் திருப்பும்போது, ஒரு பக்கம் முந்தி வரும், ஒரு பக்கம் பிந்தி வரும். இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம் சர்வ சாதாரணம். ஈக்வலைசர் மேல் புகார் என்று என்னிடம் வந்த செட்களில் கணிசமானவை வால்யூம் பாட் கேஸ்தான். அதனால் முதலில் ஈக்வலைசரைத் தாண்டி நேராக ஆம்ப்ளிஃபையரில் பாட்டுப் போட்டுப் பார்ப்பேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பாய் கடையில்தான் பாட் வாங்குவேன். மீட்டரைக் கையோடு எடுத்துப் போய், கவுண்டர் மேலேயே ஒவ்வொரு பாட்டையும் கால்வாசி, பாதி, முக்கால் என்று திருப்பி, இரண்டு தடத்தையும் அளப்பேன். ஒரு நாள் அவர் பொறுமை இழந்துவிட்டார். "தம்பி, நீ பாட் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். ரெண்டும் ஒண்ணுதான் பாய், ஜோடி சேரணுமே என்றேன். அதற்கப்புறம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டப்பாவையே முன்னால் வைத்துவிடுவார். நான் தள்ளியதை யார் தலையில் கட்டினார் என்று கேட்டதில்லை.

ரெக்கார்டிங் சென்டர் செட் சரியாகிப் போனது. அதை வைத்துக் கொஞ்ச நாள் எனக்குத் தலை கனத்தது. இறக்கிவிட இன்னொரு செட் வந்தது.

இதுவும் நான் செய்ததே. 62 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைக் கீழே இழுத்தால் வலது பக்கம் ஒழுங்காக இறங்குகிறது. இடது பக்கம் இறங்க மாட்டேன் என்கிறது. கெபாசிட்டரை மாற்றினேன். ஸ்லைடரை மாற்றினேன். ஐசியை மாற்றினேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் டீ குடிக்கப் போகும்போது ஆசிலேட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போனேன், பல்பு போய்விடக் கூடாதே என்று. திரும்பி வந்து பார்த்தால் சிக்னலே இல்லாத செட்டில், இடது பக்கத்து ஊசி நிமிர்ந்து நிற்கிறது. அது சிக்னல் இல்லை, ஹம். டிரான்ஸ்ஃபார்மரை இடது போர்டை ஒட்டி வைத்திருந்தேன். அதன் காந்தம் போர்டுக்குள் புகுந்து இரைச்சலை ஊற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் பெரியதாக இருக்கும்போது தெரியவில்லை. ஸ்லைடரை இறக்கி 25 மில்லி வோல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் அது தலையைத் தூக்கியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்க்ரூவைக் கழற்றி, கையில் பிடித்து மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் ஊசி படுத்துவிட்டது. அந்தக் கோணத்திலேயே, கேபினெட்டுக்குக் கோணலாக, புதுத் துளை போட்டு முடுக்கினேன். பார்க்க அசிங்கம்தான். அன்றிலிருந்து எந்த அளவீட்டையும் சிக்னலை நிறுத்திவிட்டு ஒரு முறை பார்த்த பிறகுதான் எழுதுவேன்.

இவ்வளவு அளந்தும், மீட்டருக்கு ஒன்று தெரியாது. இரண்டு சேனலும் ஒரே அளவு வந்தாலும், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வரலாம். மீட்டர் இரண்டையும் சமம் என்று சொல்லும். ஆசிலோஸ்கோப்பில் இடதைப் படுக்கை அச்சிலும் வலதை நெட்டு அச்சிலும் கொடுத்தால் தெரிந்துவிடும். ஒத்துப்போனால் சாய்ந்த ஒற்றைக் கோடு, இல்லாவிட்டால் கோடு வாயைத் திறந்து முட்டையாகும். ஆனால் ஸ்கோப் வாங்க எனக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. அந்த இடத்தில்தான் இரண்டு சிவப்பு ஒயர் கைகொடுத்தது. முன்பின்னாக வந்தாலும் ஸ்பீக்கர் காட்டிக் கொடுத்துவிடும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன். முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, கறுப்பு ஸ்பீக்கர் முனைக்கும் கேபினெட் எர்த்துக்கும் மீட்டரில் கன்டின்யூட்டி பாருங்கள். இரண்டு பக்கமும் பீப் அடிக்க வேண்டும். இன்று வரும் பல கிளாஸ்-டி போர்டுகளில் கறுப்பு முனை எர்த் இல்லை. அதிலும் கரண்ட் வரும். அப்படிப்பட்ட போர்டில் இந்த வேலையே வேண்டாம். பீப் அடித்தால் ஸ்பீக்கரை இரண்டு சிவப்புக்கும் நடுவே மாட்டி, மோனோ சிக்னல் விட்டு, வால்யூமைக் குறைவாக வைத்து, எல்லா ஸ்லைடரும் நடுவில் இருக்கும்போது பேலன்ஸ் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் சத்தம் அமிழ்ந்து போகும். குமிழை அங்கேயே விட்டுவிட்டு, பேண்டு பேண்டாக இரண்டு சேனலின் ஸ்லைடரையும் ஒன்றாக ஏற்றுங்கள், இறக்குங்கள். எந்தப் பேண்டில் ஸ்பீக்கர் முணுமுணுக்கிறதோ அங்கே ஜோடி சரியில்லை. மில்லி வோல்ட் மீட்டர் இருந்தால் இரண்டு சிவப்புக்கும் நடுவே வைக்கலாம், ஆனால் அது பேட்டரியில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஒரு வோல்ட் ஓடும் இடத்தில் 120 மில்லி வோல்ட் மிஞ்சினால் ஒரு டெசிபல் பிசகு. 12 மிஞ்சினால் உங்கள் கையை நீங்களே குலுக்கிக்கொள்ளலாம்.

சிக்னலுக்கு இன்று கஷ்டமே இல்லை. போனில் டோன் ஜெனரேட்டர் இலவசம். நான் பழைய ஆள், எஃப்எம் ரேடியோவை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வைத்து அந்த 'உஸ்'ஸை விடுவேன். எல்லா ஃப்ரீக்வென்சியும் அதில் உண்டு. சென்னைக்கு எஃப்எம் வந்தது 1977-ல், இந்தியாவிலேயே முதலில் இங்கேதான். பல வருஷம் ஒரே ஸ்டேஷன் என்பதால் 'உஸ்'ஸுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இப்போது பையன்கள் லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விசார்டு வைத்து இரண்டு சேனலின் கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டு நாள் ஆனது அவர்களுக்கு இரண்டு நிமிஷம். சவுண்டு கார்டின் இரண்டு சேனலும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்தாயா என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். ஒயரை இடம் மாற்றி இன்னொரு முறை அளந்தால் போதும். பிசகும் கூடவே இடம் மாறினால் அது லேப்டாப்பின் பிசகு.

கடைசியாக ஒரு செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன்னால், குமணன்சாவடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒரு பெரிய ஆலையில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். டி.எம்.எஸ்., சுசீலா தவிர வேறு கேட்க மாட்டார். எல்லாம் மோனோ காலத்துப் பாட்டு. தெரியாதவர்கள் மோனோ பாட்டுக்கு எதற்கு ஸ்டீரியோ செட் என்பார்கள். சேனல் மேட்சிங்குக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. இரண்டு பாக்ஸுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத சுவரிலிருந்து டி.எம்.எஸ். பாட வேண்டும். பெரியவருக்கு டி.எம்.எஸ். வலது பக்கம் பாடவே இல்லை. "ரைட்டு டல்லடிக்குது தம்பி. பாட்டுல 'ச'வே காணோம்" என்றார்.

அளந்தேன். 0.3 டெசிபல். இரண்டு சிவப்புக்கு நடுவே ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. ஒயரை இடம் மாற்றினேன், பாக்ஸையும் இடம் மாற்றினேன். ரைட்டுதான் டல் என்றார். நான் வீட்டுக்கே போய், பாக்ஸ்களை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவரைச் சுவர் பார்த்து உட்காரச் சொன்னேன். "இப்ப சொல்லுங்கய்யா." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னமும் ரைட்டுதான்" என்றார். இப்போது அவருக்கு வலது பக்கம் இருந்தது இடது பாக்ஸ்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். எப்போதோ காது பரிசோதித்த தாள். கீழே படுக்கையாக ஃப்ரீக்வென்சி, பக்கத்தில் டெசிபல். என் மேஜையில் வரையும் அதே படம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடும் ஒன்றாகவே வந்து, 4,000 ஹெர்ட்ஸுக்குக் கிட்டே இரண்டும் இறங்கின. சிவப்பு மட்டும் கிணற்றுக்குள் விழுந்திருந்தது. இரும்புச் சத்தத்தில் வேலை பார்த்த காதுகளில் முதலில் போகும் இடம் அதுதான். மெஷின் வலது பக்கம் இருக்கும் என்றார்.

காதுக்கு மெஷின் வைக்கலாமே என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "ரைட்ல அந்த ஒண்ணை மட்டும் ஏத்திக் குடு."

ஸ்லைடரைத் தனியாக ஏற்றி வைத்தால் பேரன் இறக்கி நேராக்கிவிடுகிறான். ஆகவே செட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, வலது சேனலின் 4 கே பேண்டில் உள்ளேயே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, ஸ்லைடர் நடுவில் இருந்தாலும் 6 டெசிபல் ஏறி நிற்கும்படி செய்தேன். அந்தக் கிணற்றுக்கு 6 டெசிபல் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை. ஆனாலும் டி.எம்.எஸ். நடுவுக்கு வந்துவிட்டார் என்று போனில் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து வால்யூம் பாட் கரகரக்கிறது என்று அந்தச் செட் வந்தது. நான் அன்றைக்கு ஊரில் இல்லை. கடையில் இருந்த பையன், நான் சொல்லிக்கொடுத்தபடியே வால்யூம் பாட்டை மாற்றிவிட்டு, இரண்டு சிவப்புக்கு நடுவே ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்திருக்கிறான். 4 கே-யில் ஸ்பீக்கர் கத்தியிருக்கிறது. யாரோ தப்பாகப் போட்ட ரெசிஸ்டர் என்று கழற்றி எறிந்து, 0.2 டெசிபலுக்குக் கொண்டுவந்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பியிருந்தான். மறுநாள் காலையில் பெரியவர் போன் செய்தார்.

ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டேன். பின்பலகையில் பர்மனன்ட் மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: ரைட் 4 கே, 6 டிபி கூட. சரி செய்ய வேண்டாம்.